பன்னிரண்டு மன்றங்கள் சேர்ந்து வாங்கினால்: சிலாங்கூர் ஊராட்சிக் கொள்முதல் பற்றிய ஓர் ஆய்வு

சிலாங்கூரில் 12 ஊராட்சி மன்றங்கள் இருக்கின்றன. ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா ஆகிய மூன்றோடு, 2024 பிப்ரவரியில் அரச மாநகராக உயர்ந்த கிள்ளானும் சேர்ந்து நான்கு மாநகர் மன்றங்கள். அம்பாங் ஜெயா, காஜாங், செலாயாங், சிப்பாங், கோல லங்காட், கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் ஆகிய ஏழும் நகராண்மைக் கழகங்கள். சபாக் பெர்ணம் மட்டும் இன்னும் மாவட்ட மன்றமாகவே இருக்கிறது. பந்திங்கைத் தலைமையிடமாகக் கொண்ட கோல லங்காட் மன்றம் 2020இல்தான் மாவட்ட மன்ற நிலையிலிருந்து நகராண்மைக் கழகமானது.

தகுதியில் இவை வேறுபட்டாலும் வாங்கும் பொருள்கள் ஏறத்தாழ ஒன்றே. சாலைக் குழியை அடைக்கும் தார்க்கலவை, தெருவிளக்கு, கால்வாய் மூடி, டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கும் மருந்து, லோரி டயர், கணினி, அலுவலகக் காகிதம், புல் வெட்டும் சேவை என்று பட்டியல் நீளும். ஷா ஆலமுக்குத் தேவைப்படும் விளக்கும் பந்திங்கிற்குத் தேவைப்படும் விளக்கும் ஒரே விளக்குதான். ஆனால் ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று விலை கேட்டு, தனக்கென்று குழு கூட்டி, தனக்கென்று ஒப்பந்தம் எழுதி வாங்குவதே நம் ஊராட்சிமுறையின் பழக்கம். இவை சேர்ந்து வாங்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும், உலகத்தில் சேர்ந்து வாங்கியவர்களின் அனுபவம் என்ன என்பதைப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. பந்திங் போன்ற சிறிய ஊரில் வரி கட்டுகிறவர்களுக்கு இது வெறும் கணக்குப்பிள்ளை விவகாரம் அன்று. பெரிய மாநகர் மன்றத்துக்கு வருமானமும் உண்டு, விலை பேசும் பலமும் உண்டு. தோட்டங்களும் கம்பங்களும் புதிய தாமான்களும் கலந்து பரந்து கிடக்கும் கோல லங்காட்டுக்கு இரண்டுமே குறைவு.

பொருளின் விலையை மட்டும் வைத்து இதைக் கணக்கிடக் கூடாது. நல்ல கொள்முதலுக்கு முதலில் பொருளின் தரத்தைத் துல்லியமாக எழுதத் தெரிய வேண்டும். எத்தனை வாட் விளக்கு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், கெட்டுப்போனால் எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும், தவறினால் எவ்வளவு பிடித்தம் என்பதை எல்லாம் எழுத அனுபவம் உள்ள பொறியாளரும் சட்டம் தெரிந்தவரும் வேண்டும். பெரிய மன்றத்தில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கும். சிறிய மன்றத்தில் சாலையையும் கால்வாயையும் பார்க்கிற அதே அதிகாரி இதையும் பார்க்க வேண்டும். அவசரத்தில் பழைய ஆவணத்தைப் பிரதி எடுத்து தேதியை மாற்றுவது எளிதான வழி. சென்ற முறை இருந்த ஓட்டை இந்த முறையும் தொடரும்.

அதிகாரிக்குத் தெரியாமல் போகும் இன்னொன்று, அதே பொருளை அடுத்தவர் என்ன விலைக்கு வாங்கினார் என்பது. இதன் விளைவை மலேசியர்கள் நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையில், இளையோர் திறன் பயிற்சிக் கழகங்களுக்காக 40 வெள்ளி பெறும் திருப்புளித் தொகுப்பு 224 வெள்ளிக்கும், 50 வெள்ளி பெறும் கார் ஜாக்கி 5,700 வெள்ளிக்கும் வாங்கப்பட்டது வெளிவந்தது. 2008ஆம் ஆண்டு அறிக்கையில் பாலேக் பூலாவில் உள்ள மாரா கல்லூரி ஒன்று இரண்டு மடிக்கணினிகளுக்குத் தலா 42,320 வெள்ளி கொடுத்தது தெரியவந்தது. முதல் சம்பவத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே வாங்கியது ஒரு சிறிய மன்றம் அல்ல, ஒரு கூட்டரசு அமைச்சு. ஆகவே வாங்குகிறவர் பெரியவராக இருந்தால் விலை தானாக நியாயமாகிவிடும் என்ற எண்ணத்தை இந்தக் கட்டுரையின் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுவது நல்லது.

விதிமுறைகளும் இங்கே ஒரு பங்கு வகிக்கின்றன. கூட்டரசு நிதியமைச்சின் விதிகளில் நெடுங்காலம் 50,000 வெள்ளி வரை நேரடியாக வாங்க முடிந்தது. அதற்கு மேல் 5 லட்சம் வெள்ளி வரை கொட்டேஷன். அதையும் தாண்டினால்தான் திறந்த டெண்டர். அண்மைக் காலத்தில் இந்த வரம்புகள் உயர்த்தப்பட்டன. மாநில, ஊராட்சி நடைமுறைகளும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவை. ஒரு சிறிய மன்றத்தின் ஆண்டுத் தேவை பல நேரங்களில் டெண்டர் வரம்பைத் தொடுவதே இல்லை. பத்திரிகையில் விளம்பரம் வராது, நாடு முழுவதிலும் இருந்து போட்டி வராது. பன்னிரண்டு மன்றங்களின் தேவையைக் கூட்டினால் அதே பொருள் திறந்த டெண்டருக்கு வந்துவிடும். சேர்ந்து வாங்குவதன் பலன்களில் மொத்த விலைத் தள்ளுபடியைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மூடிய அறையில் நடந்த கொள்முதல் வெளிச்சத்துக்கு வருகிறது.

சிறியவர்கள் பலமில்லாமல் இருக்கிறார்கள் என்ற கவலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1965இல் செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அப்போது தீபகற்ப மலேசியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. பல அமைப்புகளுக்குப் போதிய வருமானமோ ஆள்பலமோ இல்லை. 1968இல் முடிந்த அந்த ஆய்வு, மன்றங்களைச் சீரமைக்க வேண்டும் என்றதோடு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறை தொடர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. 1970களில் சிறிய அமைப்புகள் இணைக்கப்பட்டுத் தீபகற்பத்தில் நூறளவிலான மன்றங்களாகச் சுருங்கின. 1965இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல், 1976 ஊராட்சிச் சட்டத்தோடு அறவே போய்விட்டது. இன்று ஊராட்சி மன்ற உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு. ஒரு தமிழர் தலைமையில் எழுதப்பட்ட அந்த அறிக்கையை நம் சமூகம் இவ்வளவு குறைவாகப் பேசுவது வருத்தத்திற்குரியது.

அது முதல் வழி: அமைப்புகளையே இணைத்துப் பலம் தேடுவது. இரண்டாவது வழி 1990களில் வந்தது. குப்பை அள்ளும் வேலையை மன்றங்களின் கையிலிருந்து எடுத்துப் பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். 1997 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் அலாம் ஃப்ளோரா அந்த வேலையைச் செய்தது. 2007இல் திடக்கழிவுச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 செப்டம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவற்றில் நடைமுறைக்கு வந்தது. மூன்று நிறுவனங்களுக்கு நீண்டகால உரிமை வழங்கப்பட்டது. சிலாங்கூர், பினாங்கு, பேராக் சேரவில்லை. சிலாங்கூரில் 2011இன் இறுதியில் அலாம் ஃப்ளோரா விலகியதும் ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே குத்தகையாளர்களை அமர்த்தியது. நூற்றுக்கணக்கான சிறு குத்தகைகள், பல தரத்திலான லோரிகள், ஒரு தாமானில் ஒழுங்கும் அடுத்த தாமானில் நாற்றமுமாகச் சில ஆண்டுகள் போயின.

பிறகு மூன்றாவது வழி. மாநில அரசுக்குச் சொந்தமான கே.டி.இ.பி. கழிவு மேலாண்மை நிறுவனம் படிப்படியாக ஒவ்வொரு மன்றத்தின் குப்பை சேகரிப்பையும் ஏற்று, இன்று 12 மன்றங்களுக்கும் வேலை செய்கிறது. முன்பு மன்றங்களிடம் குத்தகை எடுத்தவர்களில் பலர் அதன்கீழ் துணைக் குத்தகையாளர்களானார்கள். சிலாங்கூரில் ஊராட்சிகள் சேர்ந்து ஒரு சேவையை வாங்குவதற்கு மிக அருகில் வரும் உதாரணம் இதுதான். சேகரித்த குப்பை போய்ச் சேரும் இடங்களும் பொதுவானவை. ஜெராமிலும், நம் கோல லங்காட் மாவட்டத்திலேயே இருக்கும் தஞ்சோங் டுவா பெலாஸிலும் உள்ள குப்பை நிலங்கள் பல மன்றங்களின் கழிவை வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு மன்றமும் தனக்கென்று ஒரு நவீன குப்பை நிலம் கட்டுவது நடக்காத காரியம் என்பதால், இங்கே கூட்டு ஏற்பாடு தேவையின் நிர்ப்பந்தத்தில் பிறந்தது.

இந்த மூன்றாவது வழியின் நன்மையை மறுக்க முடியாது. லோரிகள் ஒரே வகை, கால அட்டவணை ஒரே வகை, புகார் சொல்ல ஒரே இடம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் மூழ்கடித்தபோது ஒரு மன்றத்தின் எல்லைக்குள் இருந்த லோரிகளால் மட்டும் அந்தக் குப்பையை அள்ளியிருக்க முடியாது. ஆனால் விலை என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் பதில் கிடைப்பது கடினம். போட்டியில்லாத ஒரே விற்பனையாளரிடம் வாங்கும்போது, விலை நியாயமா என்று ஒப்பிட வேறொரு விலை இருக்காது. நிறுவனம் தன் லோரிகளையும் துணைக் குத்தகைகளையும் எப்படி வாங்குகிறது என்பது மன்றத்தின் டெண்டர் பலகையில் தெரியாது. குப்பை அள்ளாத நாளில் பந்திங்வாசி நகராண்மைக் கழகத்தைத் திட்டுகிறார். கழகம் பணம் கட்டுகிறது, ஆனால் ஆளை மாற்றும் உரிமை நடைமுறையில் அதன் கையில் இல்லை.

நான்காவது வழியும் உண்டு. மன்றங்களும் தனித்தனியே இருக்கும், விற்பனையாளர்களும் பலராக இருப்பார்கள். விலை பேசும் வேலையை மட்டும் சேர்ந்து செய்வது. உலகம் முழுக்கக் கூட்டுக் கொள்முதல் என்று பேசப்படுவது பெரும்பாலும் இதைத்தான். நம்மிடம் மிகக் குறைவாகப் பேசப்பட்டிருப்பதும் இதுதான் என்பது என் கருத்து.

தமிழர்களுக்கு இதில் பெருமைப்பட ஓர் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பதிவு செய்யப்பட்டு 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஊழல் புகார்களும் எழுந்தன. ஒரே மருந்து இடத்துக்கு இடம் வெவ்வேறு விலைக்கு வந்தது, பணம் தீர்ந்ததும் வராமலும் போனது. கழகம் அவசியமான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கி, வணிகப் பெயரில் இல்லாமல் மூலப் பெயரில் மட்டும் டெண்டர் விட்டது. டெண்டர் இரண்டு உறைகளில் வரும். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி. அதில் தேறியவரின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரிகள் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும், தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். தரம் குறைந்தால் நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக் முறை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அதற்கு ஒதுக்கிய பணத்தை எழுதிய ஒரு புத்தகம் தரப்பட்டது. எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் அந்த நிலையத்தின் மருத்துவர். கிடங்கில் எடுக்க எடுக்கப் புத்தகத்தில் பணம் கழியும். சென்னையில் இருப்பவர் விலையைப் பேசினார். எது வேண்டும் என்று கிராமத்தில் இருப்பவர் சொன்னார். ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதியை நிலையமே உள்ளூரில் செலவழிக்கவும் விட்டுவைத்தார்கள், அவசரத்துக்கு மாநிலத் தலைநகரைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை. கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதைப் பார்த்தே தங்கள் கழகங்களை அமைத்தன.

அதே 1994இல் மலேசியா வேறொரு வழியில் போனது. அரசாங்க மருந்துக் கிடங்கு தனியார்மயமாக்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி விநியோகிக்கும் உரிமை 15 ஆண்டுகளுக்கு ஒரே நிறுவனத்துக்குக் கிடைத்தது. பிறகு பார்மனியாகா என்ற பெயரில் அது தொடர்ந்தது; உரிமை மேலும் பத்தாண்டு நீண்டது, அதற்குப் பின்னும் நீட்டிக்கப்பட்டது. இங்கேயும் தேவை ஓரிடத்தில் கூட்டப்பட்டது. விநியோகமும் நாடெங்கும் நடந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கூட்டிய பலன் போட்டியாக மாறவில்லை. விற்காமல் தேங்கிய கோவிட் தடுப்பூசியால் 2023இல் அந்த நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கிப் பங்குச் சந்தையின் நலிவுற்ற நிறுவனப் பட்டியலில் வைக்கப்பட்டபோது, நாட்டின் மருத்துவமனைகள் ஒரே தூணில் எவ்வளவு சாய்ந்திருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. ஒரே ஆண்டில் தொடங்கிய இந்த இரண்டு ஏற்பாடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கூட்டுவதைவிட, கூட்டியபின் யார் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது என்று தெரியும்.

இலங்கையில் இந்தச் சிந்தனை இன்னும் முந்தியது. பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, நாட்டுக்கு வேண்டிய மருந்துகளை மூலப் பெயரில் உலகச் சந்தையில் ஒன்றாக வாங்க வைத்தார். வளரும் நாடுகள் பலவற்றுக்கு அது பாடமானது.

மருந்தை விட்டு மாநகராட்சிப் பொருளுக்கு வருவோம். இந்தியாவில் இ.இ.எஸ்.எல். என்ற மத்திய அரசு நிறுவனம் எல்.இ.டி. பல்புகளை நாடு முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விட்டது. 2014இல் அது வாங்கிய பல்பின் விலை ஏறத்தாழ 310 ரூபாய்; 2016இல் 38 ரூபாய். தொழில்நுட்பம் மலிவானதும் இதற்கு ஒரு காரணம், என்றாலும் அடுத்தடுத்து விடப்பட்ட பெரிய டெண்டர்கள் உற்பத்தியாளர்களைப் போட்டிக்கு இழுத்தன. 2015 ஜனவரியில் தொடங்கிய தெருவிளக்குத் திட்டத்தில் அதே நிறுவனம் நகராட்சிகளின் பழைய விளக்குகளைத் தன் செலவில் மாற்றியது. மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து நகராட்சிகள் பல ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் மாறின. ஆனால் பல உள்ளாட்சிகள் சொன்னபடி பணம் கட்டவில்லை. நிலுவை மலையாகக் குவிந்து நிறுவனத்தின் மூச்சைத் திணறடித்தது. சேர்ந்து வாங்க முன்வருகிறவர்கள் பணம் கட்டுவதை யார் உறுதி செய்வது என்ற கேள்வியை முதல் நாளிலேயே தீர்க்க வேண்டும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது. 2022இல் இ.இ.எஸ்.எல். அமைப்பின் துணை நிறுவனம் டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து நகரங்களுக்காக 5,450 மின்சாரப் பேருந்துகளுக்கு ஒரே டெண்டர் விட்டபோதும் விலை இறங்கியது. ஐந்து நகரங்களும் பேருந்தின் நீளம், தளத்தின் உயரம் என்று பொதுவான சில வகைகளுக்கு ஒத்துக்கொண்டதுதான் அங்கே பாதி வெற்றி.

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் 1974 முதல் இயங்கும் ஒய்.பி.ஓ. என்ற கொள்முதல் அமைப்புக்கு 13 உள்ளாட்சி மன்றங்கள் உரிமையாளர்கள். பள்ளிப் பென்சில் முதல் வாகனம் வரை அது விலை பேசி வைக்கிறது. லாபம் வந்தால் மன்றங்களுக்கே திரும்புகிறது. சிலாங்கூரின் 12 மன்றங்களோடு எண்ணிக்கையிலும் ஏறத்தாழ ஒத்துப்போகும் இந்த உதாரணத்தை நம் அதிகாரிகள் நேரில் போய்ப் பார்க்கலாம். மேலிருந்து ஓர் அமைச்சு திணித்த ஏற்பாடாக அல்லாமல், மன்றங்களே பங்குதாரர்களாக நின்று நடத்தும் ஏற்பாடாக அது அரை நூற்றாண்டு தாண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டு விதமும் உண்டு. மாநிலங்கள் சேர்ந்து டெண்டர் விடுவது ஒன்று. ஒரு நகரம் விட்ட டெண்டரின் விலையில் வேறு நகரங்களும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு எழுதிவைப்பது இன்னொன்று. இரண்டாவது மிக எளிது, அதனால்தான் ஆபத்தும் அதில் இருக்கிறது. முன்பு எப்போதோ, வேறு ஊரின் தேவைக்காகப் பேசிய விலையைச் சோம்பலில் எடுத்துக்கொண்டு, தன் ஊரில் இன்னும் மலிவாகத் தருகிறவரைக் கேட்காமலே விட்டுவிடலாம். 2020 கோவிட் தொடக்கத்தில் முகக்கவசத்துக்கும் சுவாசக் கருவிக்கும் அமெரிக்க மாநிலங்கள் ஒன்றை ஒன்று விலையில் முந்தி, விற்பவர்கள் கொழித்தார்கள். அந்த ஆண்டு மே 3ஆம் தேதி நியூயார்க், நியூஜெர்சி உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் இனிச் சேர்ந்தே வாங்குவோம் என்று அறிவித்தன. நெருக்கடி வந்தபிறகு சேர்வதற்கு ஆகும் செலவு எப்போதும் கூடுதல்.

சேர்ந்து வாங்கும் மனம் நமக்குப் பழக்கமில்லாதது அல்ல. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வேலையும் வீடும் பறிபோய்க்கொண்டிருந்த பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் பணத்தில் வாங்கப்பட்டது. தனியொரு பால்மரத் தொழிலாளிக்கு எட்டாததைப் பல்லாயிரம் பேர் சேர்ந்து எட்டினார்கள்.

இனி எதிர்வாதங்கள். இவற்றில் முதலாவது உண்மையிலேயே கனமானது. பந்திங், தெலுக் பங்லிமா காராங், மோரிப் வட்டாரங்களில் ஒரு லோரி, நான்கு ஆள், இரண்டு புல்வெட்டி இயந்திரம் வைத்துக்கொண்டு மன்றத்தின் சிறு வேலைகளை நம்பிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே டெண்டராக்கினால் ஷா ஆலமில் அலுவலகம் உள்ள பெரிய நிறுவனம் எடுத்துக்கொள்ளும். உள்ளூர்க்காரர் அதனிடம் துணைக் குத்தகைக்குக் கைகட்டி நிற்பார், இடையில் ஒருவர் தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஒரு குறிப்பிட்ட மதிப்பு வரையிலான அரசாங்க வேலைகள் பூமிபுத்ரா நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும் நாட்டில், இந்தியச் சிறு குத்தகையாளருக்கு ஏற்கெனவே வாசல் குறுகல். அதை மேலும் குறுக்கும் எந்தச் சீர்திருத்தத்தையும் ஆதரிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் பொருளையும் வேலையையும் பிரித்துப் பார்த்தால் இந்த மோதல் பெருமளவு தீரும். விளக்கு, டயர், கணினி, புகை மருந்து, குப்பைத் தொட்டி ஆகியவற்றைப் பந்திங்கில் யாரும் தயாரிப்பதில்லை. அவற்றைச் சேர்ந்து வாங்குவதால் உள்ளூர்ப் பிழைப்பு பெரிதாகக் குறையாது; இடைத்தரகர் சிலரின் லாபம்தான் குறையும். புல் வெட்டுவது, கால்வாய் தூர்வாருவது, மண்டபம் கூட்டுவது உள்ளூர்க் கைகளின் வேலை. அதை மன்றத்திடமே, சிறு சிறு பகுதிகளாகவே விட்டுவிட வேண்டும். சேர்ந்து வாங்கும் பொருளிலும்கூட விநியோகத்தையும் பொருத்துவதையும் மாவட்டவாரியாகப் பிரித்து டெண்டர் விட முடியும்.

இரண்டாவது எதிர்வாதம் ஊழல் பற்றியது. பன்னிரண்டு சிறிய கொள்முதல்களைக் கெடுக்கப் பன்னிரண்டு பேரைப் பிடிக்க வேண்டும், ஒரு பெரிய கொள்முதலைக் கெடுக்க ஒருவரைப் பிடித்தால் போதும் என்பார்கள். சரிதான். ஆகவே விலையை வெளியிடாத கூட்டுக் கொள்முதல், வெளியிடாத தனிக் கொள்முதலைவிட மோசமானது என்று நான் கருதுகிறேன். யார் யார் விலை கொடுத்தார்கள், யாருக்கு ஏன் கிடைத்தது, அலகு விலை என்ன, ஒவ்வொரு மன்றமும் எத்தனை எடுத்தது என்பது வரை பொதுவில் இருக்க வேண்டும். சிலாங்கூர் அரசின் இணைய டெண்டர் முறை மாநிலத் துறைகளோடு ஊராட்சி மன்றங்களின் டெண்டர்களையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. அந்த அடித்தளம் தயாராகவே இருக்கிறது. அலகு விலையை அதில் சேர்த்தால் போதும்.

நாடாளுமன்ற மக்களவை 2025 ஆகஸ்ட் 28ஆம் தேதி அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. இதுவரை பெரும்பாலும் சுற்றறிக்கைகளாலும் நிதி விதிகளாலும் நடந்த ஒரு துறைக்கு முதல்முறையாகத் தனிச் சட்டம் வருகிறது. அமைச்சருக்கு அதிகாரம் மிகுதி என்ற விமர்சனமும், அவசரமாக நிறைவேற்றினார்கள் என்ற விமர்சனமும் எழுந்தன. அவை பதிலளிக்கப்பட வேண்டியவை. சட்டம் வந்துவிட்டதால் மட்டும் மன்றங்கள் சேர்ந்து வாங்கத் தொடங்கிவிடாது. அதற்கு மாநில அரசின் முடிவும், மன்றங்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையும் வேண்டும்.

அந்த உடன்படிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், தமிழ்நாட்டின் பாஸ்புக்கையும் யார்க்‌ஷரின் பங்குரிமையையும் சேர்த்து எழுதச் சொல்வேன். ஒரு பெரிய மன்றம், பெட்டாலிங் ஜெயாவோ ஷா ஆலமோ, தன் பொறியாளர்களையும் சட்ட அதிகாரிகளையும் கொண்டு தர ஆவணத்தை எழுதி டெண்டரை நடத்தட்டும். மதிப்பீட்டுக் குழுவில் ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு வாக்கு, மாநகருக்கும் சபாக் பெர்ணத்துக்கும் ஒன்றே. விலை முடிவானபின் ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே ஆர்டர் கொடுத்து, பொருளைச் சரிபார்த்து, தானே பணம் கட்டட்டும். தரம் குறைந்தால் நிறுத்திவைக்கும் உரிமை அந்தந்த மன்றத்துடையது. ஒரே விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்காமல் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்வதும், இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒப்பந்தத்தை நீட்டாததும் அவசியம். வெளியே இதைவிட மலிவாகக் கிடைத்தால், காரணத்தை எழுதிவைத்து அங்கே வாங்க மன்றத்துக்குச் சுதந்திரம் இருக்க வேண்டும். அந்தச் சுதந்திரம் இருக்கும்வரை கூட்டு விலையும் கட்டுக்குள் இருக்கும்.

எங்கே தொடங்குவது? தெருவிளக்கிலும் புகை மருந்திலும் தொடங்கலாம். தரத்தை அளப்பது எளிது, எல்லா மன்றத்துக்கும் வேண்டியது, தாமதமானால் மக்களுக்கு உடனே தெரிவது. அடுத்து வெள்ளக்காலப் பொருள்கள்: படகு, நீர் இறைக்கும் இயந்திரம், தற்காலிகப் படுக்கை, கூடுதல் லோரி வாடகை. இவற்றுக்கு மழைக்காலத்துக்கு முன்பே விலை பேசி வைத்துவிட்டால், லங்காட் ஆறு கரை உடைக்கும் இரவில் எந்த அதிகாரியும் தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாலைக் கலவையை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்பேன். சூடான கலவையை வெகுதூரம் கொண்டுபோக முடியாது. அருகில் இருக்கும் ஆலையிடம் வாங்குவதே சிக்கனம்.

நம் ஊராட்சிகளில் உறுப்பினர்களை வாக்களித்து மாற்ற முடியாது என்பதால், கேள்வி கேட்கும் பொறுப்பு நம்மீது கூடுதலாக விழுகிறது. அதற்குக் கருவி இல்லாமல் இல்லை. 2011இல் சிலாங்கூர் சட்டமன்றம் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டத்தின்படி ஊராட்சி மன்றத்திடம் எந்தக் குடிமகனும் எழுத்துமூலம் தகவல் கேட்கலாம். மன்றங்கள் பல, பட்ஜெட் தயாரிக்கும் முன் வட்டார மக்களை அழைத்துக் கருத்தும் கேட்கின்றன. குடியிருப்பாளர் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த முறை அந்தக் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: சென்ற ஆண்டு கோல லங்காட் ஒரு தெருவிளக்குக்கு எவ்வளவு கொடுத்தது, ஒரு லிட்டர் புகை மருந்துக்கு எவ்வளவு, ஒரு குப்பைத் தொட்டிக்கு எவ்வளவு. கிள்ளானிலும் சிப்பாங்கிலும் உள்ள உறவினர்களை அவர்கள் மன்றத்தில் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று ஊர் விலைகளையும் ஒரே தாளில் எழுதி உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள்.